குருதிப் புற்றுநோய்களில் கலப்பெருக்கத்தை அளத்தல்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் இழையத் துண்டுகளுக்குச் சாயமிடுவதும் எண்ணுவதும் என் தொழில். தெல்லிப்பழை, மகரகம புற்றுநோய் வைத்தியசாலைகளுக்கு மாறி மாறி அலையும் குடும்பத்தவர்கள் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்த அறிக்கையை நீட்டிக் கேட்பவையும், மருத்துவபீட மாணவர்களும் உயர்தர உயிரியல் ஆசிரியர்களும் கேட்பவையும் பெரும்பாலும் ஒரே ஐயங்களாக இருப்பதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களின் சொற்களை இயன்றவரை மாற்றவில்லை. சிகிச்சையை முடிவு செய்வது குருதியியல் வைத்தியரின் பொறுப்பு. அறிக்கையிலுள்ள எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை மட்டுமே என்னால் விளக்க முடியும்.

அப்பாவின்ர ரிப்போட்டில "கேஐ-67: 80%" எண்டு போட்டிருக்கு. அது என்ன?

நிணநீர்க் கணுவிலிருந்து எடுத்த துண்டிலுள்ள புற்றுக் கலங்களுள், அது உடலை விட்டு வெளியே வந்த நேரத்தில், நூற்றுக்கு எத்தனை கலங்கள் பிரிவதற்கான சுற்றில் இருந்தன என்பதே அந்த எண். கேஐ-67 என்பது கலத்தின் கருவுக்குள் இருக்கும் ஒரு புரதம். கலம் பிரிவுக்கு ஆயத்தமாகும் ஜீ1, டி.என்.ஏ. இரட்டிப்பாகும் எஸ், அதையடுத்த ஜீ2, பிரிவே நிகழும் எம் ஆகிய நான்கு அவத்தைகளிலும் அது காணப்படும். சுற்றிலிருந்து விலகி ஜீ0 எனப்படும் ஓய்வுக்குப் போன கலத்தில் அது காணப்படாது.

அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரியை ஸ்லைட்டின் மீது இட்டு, அது ஒட்டிய இடத்தில் கபில நிறம் தோன்றச் செய்கிறோம். மற்றக் கருக்கள் நீல நிறம் பெறுகின்றன. கபிலமும் நீலமுமாகத் தெரியும் புற்றுக் கலங்களில் கபிலமானவற்றின் பங்கையே அறிக்கையில் எழுதுகிறோம்.

80 எண்டால் உடம்பில 80 வீதம் பரவீட்டுதோ?

இல்லை. நோய் எங்கெங்கே பரவியிருக்கிறது என்பதை ஸ்கானும் என்பு மச்சைப் பரிசோதனையும் சொல்கின்றன. அதற்கு நோய்நிலை என்று பெயர். கழுத்தில் ஒரேயொரு கணுவில் மட்டும் உள்ள நோயிலும் இந்த எண் 90 ஆக இருக்கலாம், உடல் முழுவதும் கணுக்கள் வீங்கிய நோயிலும் 10 ஆக இருக்கலாம்.

நூற்றுக்கு இத்தனை என்று எதைக் கண்டாலும் பரீட்சைப் புள்ளியாக வாசிப்பது நம் ஊரின் வழக்கம். இங்கே 35 சித்தியும் அல்ல, 90 விசேட சித்தியும் அல்ல.

இந்தப் பெயருக்கு என்ன பொருள்? 67 ஆவது புரதம் என்பதா?

பெயருக்குள் விஞ்ஞானம் ஏதுமில்லை. வட ஜேர்மனியின் கீல் நகரில் யோகான்னஸ் கேர்டெசும் அவருடைய குழுவினரும் ஹொட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயின் கலங்களிலிருந்து எடுத்த கருக்களை எலிகளுக்குச் செலுத்தி, அந்தக் கலங்களுக்கே உரிய ஓர் அடையாளத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கிடைத்த பிறபொருளெதிரிகளுள் ஒன்று பிரியும் கலங்கள் எல்லாவற்றிலும் ஒட்டியது. 1983 இல் அதை வெளியிட்டபோது, கீல் நகரின் பெயரிலுள்ள முதலிரண்டு ரோமன் எழுத்துகளையும் (கே, ஐ), 96 குழிகள் கொண்ட தட்டில் அந்தப் பிறபொருளெதிரி இருந்த குழியின் இலக்கத்தையும் சேர்த்துப் பெயரிட்டார்கள். ஜேர்மனியில் உறவினர் இல்லாத வீடு இங்கே அரிது. அவர்கள் தொலைபேசியில் "கீ" என்று சொன்னாலும் அது நாம் "கேஐ" என்று எழுத்துக்கூட்டும் அதே பரிசோதனைதான்.

முதற் பிறபொருளெதிரி உறையவைத்த இழையத்தில் மட்டுமே வேலை செய்தது. பரபின் மெழுகில் பதித்த துண்டிலும் ஒட்டக்கூடிய எம்.ஐ.பி.-1 என்ற பிறபொருளெதிரி 1990 களின் தொடக்கத்தில் வந்த பிறகுதான் இது எல்லா ஆய்வுகூடங்களுக்கும் உரிய சோதனையாயிற்று. இப்புரதத்துக்கான பரம்பரையலகு 10 ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது.

உயர்தரத்தில் வெங்காய வேர்நுனியை நசித்து இழையுருப்பிரிவைப் பார்த்தோம். அப்படியே எண்ணினால் போதாதா?

அந்தச் செய்முறையில் பார்வைப் புலத்திலிருந்த கலங்களில் பெரும்பாலானவை இடையவத்தையில் இருந்ததும், நிறமூர்த்தங்கள் தெளிவாகத் தெரிந்தவை ஒரு சிலவே என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். பிரிவு குறுகிய நேரத்தில் முடிந்துவிடுவதே இதற்குக் காரணம். ஒரு கலம் ஒரு சுற்றை முடிக்க 24 மணித்தியாலம் எடுத்து, அதில் பிரிவுக்கு ஒரு மணித்தியாலம்தான் செல்கிறது என்று வைத்துக்கொண்டால், எல்லாக் கலங்களும் சுற்றிலிருந்தாலும் 100 இல் 4 அளவிலேயே பிரிவு கண்ணுக்குத் தெரியும். மேலும், இறந்து சுருங்கிய கருவைப் பிரிவு என்று மயங்குவது அனுபவசாலிகளுக்கும் நேர்வதுண்டு.

பிரிவை மட்டும் தனியே பிடிக்கவேண்டுமானால் அதற்கும் ஓர் அடையாளம் உண்டு. கலம் பிரியும்போது ஹிஸ்ரோன் எச்3 என்ற புரதத்தின் 10 ஆவது செரீனில் ஒரு பொசுபேற்றுக் கூட்டம் ஏறுகிறது. அதற்கெதிரான பிறபொருளெதிரி எம் அவத்தையில் உள்ள கலங்களையே காட்டுகிறது. கேஐ-67 சுற்றிலுள்ள அனைவரையும் எண்ணுகிறது, இது வாசலைக் கடந்துகொண்டிருப்பவர்களை மட்டும் எண்ணுகிறது.

நீங்கள் எப்பிடி எண்ணுறனீங்கள்? மெஷினோ, கண்ணோ?

இரண்டும் உண்டு. பெரும்பாலான அறிக்கைகளில் நோயியல் வைத்தியர் நுணுக்குக்காட்டியில் பார்த்து மதிப்பிட்ட எண்ணே இருக்கும்; அதனால்தான் அது 20, 30, 80 என்று முழு எண்களில் வருகிறது. 95 க்கும் 20 க்கும் இடையிலான வேறுபாட்டைக் காண இந்த மதிப்பீடே தாராளமாகப் போதும். ஓர் எல்லைக்கோட்டின் இருபுறமும் முடிவு மாறும் நோய்களில் கலம் கலமாக எண்ணவேண்டும்.

எத்தனை கலங்களை எண்ணுகிறோம் என்பது சிறிய விடயமன்று. உண்மை அளவு 30 சதவீதமாக இருக்கும் துண்டில் 100 கலங்களை மட்டும் எண்ணினால், தற்செயலாலேயே விடை 21 க்கும் 39 க்கும் இடையில் எங்கும் விழலாம். 1000 கலங்களை எண்ணினால் அந்த இடைவெளி 27 க்கும் 33 க்கும் இடையில் சுருங்குகிறது. மான்டில் கல லிம்போமாவுக்கான ஐரோப்பிய வழிகாட்டல் ஒவ்வொரு முறையும் 500 கலங்களாக இருமுறை எண்ணச் சொல்வதன் காரணம் இதுவே.

எதை எண்ணாமல் விடுவது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. புற்றுக் கலங்களுக்கிடையே சாதாரண ரி நிணநீர்க்குழியங்கள் பிரிந்துகொண்டிருக்கும். அழியாமல் எஞ்சிய முளைமையங்கள் (கணுவில் சாதாரணக் கலங்கள் வேகமாகப் பிரியும் இடங்கள்) இயல்பிலேயே கரும் கபிலமாகத் தெரியும். அவற்றையும் சேர்த்துவிட்டால் நோயாளிக்குச் சொந்தமில்லாத ஒரு கொடூரத்தை அவர் தலையில் ஏற்றிவிடுவோம். அதே முளைமையம் நல்ல அளவுகோலும் ஆகும்: அது கபிலமாகாத ஸ்லைட்டில் மற்ற எதையும் நம்ப நான் ஆயத்தமில்லை.

ஒரே பிளொக்கை ரெண்டு லாப்பில குடுத்தனாங்கள். ஒண்டு 25, மற்றது 40. ஆர் பிழை?

இருவரும் சரியாகச் செய்திருக்க வாய்ப்புண்டு. ஒருவர் அதிகம் கபிலமான பகுதியைத் தேடி எண்ணியிருக்கலாம், மற்றவர் துண்டு முழுவதன் சராசரியை எடுத்திருக்கலாம். மங்கலான கபிலத்தை ஒருவர் கணக்கில் சேர்த்திருப்பார், மற்றவர் விட்டிருப்பார். முந்தைய விடையில் சொன்ன தற்செயல் வேறுபாடும் இதனுடன் சேர்கிறது. எனவே அறிக்கையில் எண்ணோடு எண்ணிய முறையும் எழுதப்பட வேண்டும் என்பது என் நிலைப்பாடு. பல அறிக்கைகளில் அது இருப்பதில்லை.

பிளொக் ஆவதற்கு, அதாவது துண்டு பரபின் மெழுகில் பதிக்கப்படுவதற்கு, முன்னரே நேரும் பிழைகளை எந்த ஆய்வுகூடத்தாலும் திருத்த முடியாது. ஒருமுறை ஒரு முழுக் கணு, வெட்டப்படாமல், சிறிய போத்தலொன்றில் அதை மூடுமளவு போமலின் என்ற பதப்படுத்தும் திரவம்கூட இல்லாமல் எங்களிடம் வந்தது. சாயமிட்டபோது ஓரங்களில் கருக்கள் பளிச்சென்று கபிலமாகவும், போமலின் எட்டாத நடுப்பகுதி வெறுமையாகவும் இருந்தன. ஓரத்தில் எண்ணினால் ஒரு நோய், நடுவில் எண்ணினால் வேறொரு நோய். இழையத்தைப்போல் பத்து மடங்கு போமலின் வேண்டும், பெரிய கணுவைக் கீறி இடவேண்டும் என்பவை புத்தகத்தின் முதற் பக்கத்து விதிகள். என்புத் துண்டுக்கு இன்னொரு இடர் உண்டு: சுண்ணாம்பை நீக்க வலிய அமிலத்தில் நீண்ட நேரம் விட்டால் புரதம் சிதைந்து எண் பொய்யாகக் குறையும். ஈ.டி.ரி.ஏ. கரைசலில் இடுவது மெதுவான வழி, ஆனால் நம்பத்தக்கது.

எத்தினை வீதத்துக்கு மேல போனால் ஆபத்து?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. நோயின் பெயரைக் கேட்காமல் இதற்கு விடை சொல்பவரை நம்பவேண்டாம்.

எல்லைக்கோடு தெளிவாக நிறுவப்பட்டிருப்பது மான்டில் கல லிம்போமாவில்தான். அந்த நோயில் 11 ஆம், 14 ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம் மாறுவதால், கலத்தை ஜீ1 இலிருந்து எஸ் இற்குத் தள்ளும் சைக்கிளின் டி1 புரதம் கட்டுப்பாடின்றி உற்பத்தியாகிறது. பெருக்கமே அந்நோயின் அச்சாணி. அங்கே 30 சதவீதம் கோடாகக் கொள்ளப்படுகிறது. அதற்குக் கீழுள்ளவர்களும் மேலுள்ளவர்களும் ஒரே சிகிச்சையில் வெவ்வேறு விதமாகச் செல்வது திரும்பத் திரும்பக் காணப்பட்டிருப்பதால், வயது, உடல்நிலை, எல்.டி.எச். (கலங்கள் உடையும் நோயில் குருதியில் உயரும் ஒரு நொதியம்), வெண்குழிய எண்ணிக்கை ஆகியவற்றைச் சேர்த்த நோய்ப்போக்குச் சுட்டியுடன் இந்த எண்ணும் இணைக்கப்படுகிறது.

1958 இல் உகண்டாவில் டெனிஸ் பேர்கிற் விவரித்த லிம்போமாவில் எண் ஏறக்குறைய 100 ஆகவே இருக்கும். அங்கே அது நோயை அடையாளங்காணும் குறி, 70 என்று வந்தால் "இது பேர்கிற்தானா?" என்று மீண்டும் பார்க்கவேண்டும். பரவலான பெரிய பி கல லிம்போமாவில் 40 இலிருந்து 90 க்கு மேல் வரை பரந்து கிடக்கும். அதில் இந்த எண்ணை மட்டும் வைத்து முன்னறிவிப்புச் சொல்வதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 8 ஆம் நிறமூர்த்தத்திலுள்ள மிக் பரம்பரையலகு இடம் மாறியிருக்கிறதா என்பதை அறிய அதற்கென்றே உள்ள ஒளிர்வுச் சோதனையைச் செய்யவேண்டும். கேஐ-67 குறைவு என்று அதைத் தவிர்ப்பது தவறு. மெதுவான பொலிக்கியுலர் லிம்போமாவில் எண் பெரும்பாலும் 20 க்குக் கீழ். ஹொட்ஜ்கின் லிம்போமாவில் கட்டியின் பெரும்பகுதி புற்றல்லாத கலங்களாக இருப்பதால், இந்த எண்ணைப் பிறப்பித்த நோயே இதனால் அதிகம் பயன்பெறவில்லை.

எண் கூட எண்டால் மருந்து நல்லாப் பிடிக்கும் எண்டும் சொல்லினம், கூடாது எண்டும் சொல்லினம். எது உண்மை?

இரண்டும் உண்மை, வெவ்வேறு நோய்களில். வழமையான கீமோ மருந்துகளில் பல பிரிந்துகொண்டிருக்கும் கலத்தையே தாக்குகின்றன. 100 சதவீதமும் சுற்றிலுள்ள பேர்கிற் லிம்போமா, சிகிச்சை அளிக்காவிட்டால் மிக விரைவில் உயிரைப் பறிக்கும் நோய். ஆனால் தீவிர சிகிச்சையில் குழந்தைகளில் பெரும்பாலானோர் முற்றாகக் குணமடைவதும் இதே நோயில்தான். மான்டில் கல லிம்போமாவிலோ உயர்ந்த எண், சைக்கிளின் டி1 உடன் வேறு காவல்களும் உடைந்திருப்பதன் அறிகுறி. மருந்தில் சுருங்கும் நோய் மீண்டும் விரைவில் தலைதூக்குகிறது.

எண் மிக உயர்ந்த நோயில் முதல் மருந்து ஏற்றும் நாட்களிலேயே கவனம் வேண்டும். கோடிக்கணக்கான கலங்கள் ஒன்றாக உடையும்போது பொற்றாசியமும் பொசுபேற்றும் யூரிக் அமிலமும் குருதியில் கொட்டுண்டு சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கலாம். அதனால்தான் சேலைன் ஏற்றிச் சிறுநீரை அளந்து, ஒரே நாளில் பலமுறை குருதி எடுக்கிறார்கள். "ஏன் இவ்வளவு இரத்தம் எடுக்கினம்?" என்று விறாந்தையில் சினப்பவர்களுக்கும் இதுவே விடை.

இரண்டு கட்டிகளிலும் கேஐ-67 50 சதவீதம் என்றால் இரண்டும் ஒரே வேகத்தில் வளருமா?

இந்தக் கேள்வியை ஒரு மாணவி கேட்டார். பலருக்கும் தோன்றாத கேள்வி. வளரவேண்டிய கட்டாயமில்லை. எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்பதை எண் சொல்கிறது, ஒரு சுற்றை எவ்வளவு நேரத்தில் முடிக்கிறார்கள் என்பதைச் சொல்லவில்லை. ஒன்றில் சுற்று 24 மணித்தியாலமும் மற்றதில் 72 மணித்தியாலமும் ஆனால், அதே 50 சதவீதத்திலிருந்து முதற்கட்டியில் மூன்று மடங்கு புதிய கலங்கள் பிறக்கும்.

இறப்பையும் கழிக்கவேண்டும். நம்மூர்க் கிணற்றில் நீர்மட்டத்தைப் பார்த்து மட்டும் ஊற்றின் வலிமையைச் சொல்ல முடியாது. மோட்டர் எவ்வளவு இறைக்கிறது என்பதும் தெரியவேண்டும். பேர்கிற் லிம்போமாவின் ஸ்லைட்டில் கருநீலக் கலங்களுக்கிடையே வெளிறிய பெருவிழுங்கிகள் இறந்த கலங்களை விழுங்கி நிற்பதால் இரவு வானில் விண்மீன்கள் போன்ற தோற்றம் வருகிறது. பிறப்பும் இறப்பும் ஒன்றாக உச்சத்திலிருக்கும் காட்சி அது. அத்தனை இறப்பையும் மீறி அது 24 முதல் 48 மணித்தியாலத்தில் இரட்டிக்கக்கூடியது.

லியூகேமியா ரிப்போட்டில ஏன் இந்த நம்பர் இல்லை?

கடிய மைலொயிட் லியூகேமியா என்ற குருதிப் புற்றுநோயின் அடிப்படைக் கோளாறு கலங்கள் முதிர்ச்சியடையாமல் இளங்கலங்களாகவே தேங்குவது. பல நோயாளிகளில் அந்த இளங்கலங்கள் இயல்பான என்பு மச்சையின் இளங்கலங்களைவிட மெதுவாகவே பிரிகின்றன. மச்சையில் அவை நிறைந்திருப்பதற்குக் காரணம் வேகம் அன்று, வெளியேறும் வழி அடைபட்டது. ஆகவே அங்கே சிகிச்சையைத் தீர்மானிப்பவை நிறமூர்த்த மாற்றங்களும் எவ்.எல்.ரி.3, என்.பி.எம்.1 போன்ற பரம்பரையலகு விகாரங்களுமே. எவ்.எல்.ரி.3 விகாரம் பெருக்கச் சமிக்ஞையை நிறுத்தாமல் ஒலிக்கவிடுவதால், பெருக்கத்தை அளக்காமலே அதன் காரணத்தை அளப்பதாக இதைக் கொள்ளலாம்.

இன்னொரு தடையும் உண்டு. நோயை மீண்டும் முளைக்கவைக்கும் லியூகேமிய மூலக்கலங்களில் பல ஜீ0 ஓய்வில் இருக்கின்றன. எஸ் அவத்தைக் கலங்களைக் கொல்லும் சைற்றரபின் அவற்றைத் தொடாமல் போகலாம். கேஐ-67 சாயத்தில் அவை நீலமாக, ஆபத்தற்றவைபோல் கிடக்கும்.

நாட்பட்ட லிம்போசைற்றிக் லியூகேமியாவில் கலம் பெருகுவதில்லை, சாகாமல் சேர்கிறது என்று படித்தோமே?

நீண்ட காலம் அப்படித்தான் கற்பிக்கப்பட்டது. குருதியிலுள்ள கலங்களில் கேஐ-67 மிகக் குறைவாக இருப்பதும் அதற்கு ஒத்துப்போனது. 2005 இல் வெளியான ஓர் ஆய்வில் நோயாளிகள் பல வாரங்கள் பார ஐதரசன் கலந்த நீரைக் குடித்தார்கள். புதிதாகப் பிறக்கும் கலத்தின் டி.என்.ஏ.யில் அந்த ஐதரசன் சேர்வதால், எத்தனை கலங்கள் புதியவை என்பதை அளக்க முடிந்தது. நாளொன்றுக்கு மொத்தக் கலங்களின் 0.1 சதவீதம் முதல் 1 சதவீதத்துக்கு மேல் வரை புதிதாகப் பிறப்பது தெரியவந்தது. உடலில் ஒரு இலட்சம் கோடி நோய்க்கலங்கள் இருப்பதாகக் கொண்டால், 0.1 சதவீதம் என்பதே நாளுக்கு 100 கோடி. மேலே சொன்ன கிணற்றில் மட்டம் அசையாவிட்டாலும் ஊற்று ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பிறப்பு நிகழ்வது குருதியிலன்று; கணுக்களிலும் என்பு மச்சையிலும் உள்ள பெருகல் மையங்களில். கணுவை வெட்டிப் பார்க்கும்போது அந்த மையங்கள் பெரிதாக விரிந்தோ, அவற்றில் கேஐ-67 40 சதவீதத்தைத் தாண்டியோ இருந்தால் நோய் வேகம் பிடித்த வகையைச் சேர்ந்ததென நோயியல் வைத்தியர் குறிப்பிடுவார்.

மயலோமாவுக்கு?

மயலோமா என்பது பிறபொருளெதிரி உண்டாக்கும் முதலுருக்கலங்களின் புற்றுநோய். அதில் அக்கலங்கள் மெதுவாகவே பிரிகின்றன. அமெரிக்காவின் மாயோ கிளினிக் வளர்த்தெடுத்த குறியேற்றச் சுட்டியில், எஸ் அவத்தையிலுள்ள முதலுருக்கலங்களின் பங்கு பலரிலும் 1 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். 3 ஐ எட்டினாலே உயர் அபாயம். 80 உம் 90 உம் கேட்டுப் பழகியவர்களுக்கு 3 என்பது ஆறுதலாகத் தோன்றும். அது ஆறுதலன்று, இங்கே அளக்கப்படுவது சுற்று முழுவதையுமன்று, அதன் ஓர் அவத்தையை மட்டும்.

புளோ சைற்றோமெற்றியில் எஸ் அவத்தையை நேரடியாக அளக்க முடியும்போது சாயமிட்டு எண்ணுவது ஏன்?

புளோ சைற்றோமெற்றி என்பது கலங்களை ஒவ்வொன்றாக ஒளிக்கற்றையினூடே ஓடவிட்டு அளக்கும் முறை. டி.என்.ஏ.யில் பிடித்து ஒளிரும் சாயத்தை இட்டால், ஜீ1 கலம் ஒரு மடங்கும், ஜீ2 கலம் இரு மடங்கும், எஸ் கலம் இரண்டுக்கும் நடுவிலுமாக ஒளிரும். பல்லாயிரம் கலங்களைச் சில நிமிடங்களில் அளந்துவிடலாம். ஆனால் ஜீ0 வும் ஜீ1 உம் ஒரே அளவு டி.என்.ஏ. கொண்டவை என்பதால் அவற்றைப் பிரித்தறிய அந்த ஒளியால் முடியாது. நோய்க்கலங்களின் நிறமூர்த்த எண்ணிக்கையே மாறியிருந்தால் வரைபில் மலைகள் ஒன்றன்மீதொன்று ஏறிக் குழப்பும். பி கல அடையாளத்தையும் சேர்த்துச் சாயமிடாவிட்டால் சாதாரணக் கலங்களும் கணக்கில் கலந்துவிடும்.

எஸ் அவத்தையைத் துல்லியமாகப் பிடிப்பதற்குப் பழைய வழி, டி.என்.ஏ.யின் கூறுகளில் ஒன்றான தைமிடினை அல்லது அதைப் போன்ற ஒரு பொருளைக் கலத்துக்கு ஊட்டுவது. 1950 களில் கதிர்வீசும் ஐதரசன் ஏற்றிய தைமிடின் இருந்தது. 1982 இல் புரோமோடிஒக்சியூரிடினுக்கு எதிரான பிறபொருளெதிரி வந்ததோடு கதிர்வீச்சுப் படத்துக்காக நாட்கணக்கில் காத்திருக்கும் வேலை ஒழிந்தது. இவை எல்லாவற்றுக்கும் உயிருள்ள கலம் வேண்டும். போமலினில் விழுந்த துண்டு எதையும் உண்ணாது. நம் கைக்கு வருவதோ பெரும்பாலும் அதுதான்.

பி.சி.என்.ஏ., எம்.சி.எம். என்றும் குறிகள் உள்ளனவே, அவை ஏன் அறிக்கையில் வருவதில்லை?

பி.சி.என்.ஏ. டி.என்.ஏ.யைப் பிரதியெடுக்கும் நொதியத்தை இழையோடு பிடித்துவைக்கும் வளையம். உடலின் காப்புத் தொகுதி தன்னையே தாக்கும் லூபசு நோயுள்ளவர்களின் குருதியிலிருந்த பிறபொருளெதிரியால் 1978 இல் இனங்காணப்பட்டது. டி.என்.ஏ. பழுதுபார்க்கப்படும்போதும் அது தேவைப்படுகிறது. பிரிவு முடிந்த பின்னும் கலத்தில் நீண்ட நேரம் தங்குகிறது. போமலினில் கிடந்த நேரத்தைப் பொறுத்துச் சாயமும் மாறுகிறது. எனவே எண் பொய்யாக உயரும். எம்.சி.எம். புரதங்கள் டி.என்.ஏ. இரட்டிப்பதற்கான அனுமதிச் சீட்டுப் போன்றவை. சீட்டு எடுத்துவிட்டுப் பேருந்தில் ஏறாதிருக்கும் கலங்களையும் அவை காட்டுவதால் கேஐ-67 ஐவிட உயர்ந்த எண் வரும். ஆய்வுக்கு அது சுவையான வேறுபாடு. அறிக்கைக்கு, பல ஆண்டு நோயாளர் விவரங்களோடு ஒப்பிடப்பட்ட ஒரே குறி போதும் என்பது நடைமுறை.

கணுவை வெட்டாமல் இரத்தத்திலயே பாக்கேலாதோ?

ஓரளவு பார்க்கலாம். எல்.டி.எச். பெரும்பாலும் உங்கள் கொப்பியில் ஏற்கெனவே இருக்கும். கலங்கள் அதிகமாக உருவாகி உடையும் நோயில் அது உயரும். ஆனால் குருதி எடுக்கும்போதோ கொண்டுவரும்போதோ செங்குழியங்கள் உடைந்தாலும், விற்றமின் பி12 குறைந்தாலும், ஈரல் பாதிக்கப்பட்டாலும் அது உயரும். தைமிடின் கைனேசு என்ற நொதியம் எஸ் அவத்தையோடு நெருக்கமாகக் கட்டுண்டது. லிம்போமாவிலும் நாட்பட்ட லிம்போசைற்றிக் லியூகேமியாவிலும் குருதியில் அதன் அளவு நோயின் வேகத்தோடு பொருந்திச் செல்கிறது. இவை உடல் முழுவதன் கூட்டுத்தொகை. எந்தக் கணுவில் எந்தக் கலம் என்று கேட்டால் அவற்றிடம் விடையில்லை. நோய்க்குப் பெயரிடவும் அவற்றால் முடியாது. ஆகவே வெட்டுவதைத் தவிர்க்க முடியாது.

பெற் ஸ்கானில கூட ஒளிருற இடம்தான் கூடப் பெருகுற இடமோ?

வழமையான பெற் ஸ்கான் குளுக்கோசு எங்கே அதிகம் உறிஞ்சப்படுகிறது என்பதைக் காட்டுகிறது. வேகமான லிம்போமா அதிகம் உறிஞ்சும். காசநோய்க் கணுவும் உறிஞ்சும். அதன் சிறந்த பயன், பல கணுக்களில் எதை வெட்டினால் உண்மையான வேகம் தெரியும் என்று வழிகாட்டுவது.

நாட்பட்ட மைலொயிட் லியூகேமியாவுக்கு பி.சி.ஆர். செய்து 0.1% என்று வந்தது. அதுவும் பெருக்க அளவா?

இல்லை, இந்த இரண்டு சதவீதங்களையும் குழப்பிக்கொண்டு இரவெல்லாம் தூங்காதிருந்த ஒரு தாயாரை நான் அறிவேன். 9 ஆம், 22 ஆம் நிறமூர்த்தங்கள் இடம் மாறியதால் உண்டான பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்ற பரம்பரையலகு இணைவின் பிரதிகள் எவ்வளவு எஞ்சியுள்ளன என்பதையே அந்தச் சோதனை அளக்கிறது. (இணைவின் பெயரிலுள்ள பி.சி.ஆரும் சோதனையின் பி.சி.ஆரும் தமிழ் எழுத்தில் ஒன்றாகத் தெரிவது இன்னொரு குழப்பம், இரண்டும் வேறு.) சர்வதேச அளவுகோலில் 0.1 சதவீதத்துக்கு இறங்குவது நல்ல செய்தி. 2001 இல் பாவனைக்கு வந்த இமற்றினிப் போன்ற மருந்துகள் வேலை செய்கின்றன என்பதன் குறி.

எஞ்சிய கலங்கள் எத்தனை என்பது ஒரு கேள்வி, இருக்கும் கலங்களில் எத்தனை பிரிகின்றன என்பது வேறொரு கேள்வி. எஞ்சியவை மிகச் சிலவாகவும், அவை அனைத்தும் ஓய்விலும் இருக்கலாம்; லியூகேமிய மூலக்கலங்களைப் பற்றி முன்னர் சொன்னது இங்கும் பொருந்தும்.

ஒரு புரதத்தை நம்புவதைவிடப் பல பரம்பரையலகுகளை ஒன்றாக அளக்கலாமே?

அளக்கிறார்கள். மான்டில் கல லிம்போமாவில், பிரியும் கலங்களில் மட்டும் இயங்கும் 20 பரம்பரையலகுகளின் செய்தி ஆர்.என்.ஏ. அளவைக் கூட்டிப் பார்த்தால் நோயாளிகள் எவ்வளவு காலம் வாழ்வார்கள் என்பது தெளிவாக வகுபடுவதாக 2003 இல் காட்டப்பட்டது. அதற்கு உறைந்த இழையம் தேவைப்பட்டது. 2017 இல் பரபின் துண்டிலேயே செய்யக்கூடிய 17 பரம்பரையலகுச் சோதனை வெளியானது. கண் மதிப்பீட்டின் தடுமாற்றம் இதில் இல்லை. ஆனால் துண்டை அரைத்து அளப்பதால், முளைமையத்தை விட்டு எண்ணு என்று கருவிக்குச் சொல்ல முடியாது. எந்தப் பகுதியைச் சுரண்டி எடுப்பது என்று முதலில் நுணுக்குக்காட்டியில் ஒருவர் பார்த்தே ஆகவேண்டும். செலவும் அதிகம்.

கேஐ-67 புரதத்தைத் தடுத்துவிட்டால் புற்றுநோய் நின்றுவிடாதா?

பல காலம் அப்படி நம்பப்பட்டது. 2016 இல் வெளியான ஆய்வுகள் அதை மாற்றின: இந்தப் புரதம் இல்லாத கலங்களும் பிரிந்தன, அதை இழந்த எலிகளும் வளர்ந்தன. அதன் ஒரு வேலை, பிரிவின்போது நிறமூர்த்தங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் சவர்க்காரம் போல அவற்றின் மேற்பரப்பில் நிற்பது. பெருக்கத்தின் அடையாளமாக இருப்பதும் பெருக்கத்தின் காரணமாக இருப்பதும் வேறு வேறு.

இதிலிருந்து எண்ணுபவர்களுக்கும் ஒரு சங்கடம் எழுகிறது. ஓய்வுக்குப் போகும் கலத்தில் புரதம் உடனே மறைவதில்லை, படிப்படியாகக் கரைகிறது. முதல் விடையில் "காணப்படும், காணப்படாது" என்று நான் எழுதியது எளிமைக்காக. மங்கலான கபிலக் கரு, அண்மையில் சுற்றை விட்டு விலகிய கலமாகவும் இருக்கலாம். எந்த மங்கலிலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதை ஒவ்வோர் ஆய்வுகூடமும் ஒரு முறை தீர்மானித்து, பின்னர் மாற்றாமல் பேணவேண்டும்.

போன வரியம் 15, இப்ப வேற கணுவில 70. முதல் ரிப்போட் பிழையோ?

பிழையாக இருக்கவேண்டியதில்லை. மெதுவான பொலிக்கியுலர் லிம்போமா வேகமான பெரிய கல லிம்போமாவாக மாறுவதுண்டு. நாட்பட்ட லிம்போசைற்றிக் லியூகேமியாவும் அவ்வாறு மாறலாம். மாற்றம் ஒரு கணுவில் மட்டும் தொடங்கியிருக்கவும் கூடும். இரு ஸ்லைட்டுகளையும் ஒரே நோயியல் வைத்தியர் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே உறுதியான வழி. எண் மட்டும் உயர்ந்து கலங்களின் தோற்றம் மாறாதிருந்தால், மேலே 25 க்கும் 40 க்கும் சொன்ன காரணங்களை முதலில் தேடவேண்டும்.

பிளொக்கைக் கொழும்புக்குக் கொண்டு போகவேணும். எப்பிடிக் கொண்டு போறது?

இரண்டாம் கருத்துக்காகப் பிளொக்கையும் ஸ்லைட்டுகளையும் எழுத்துமூலம் கேட்டுப் பெறலாம். பிரதி அறிக்கையும் உடன் போகவேண்டும். பிளொக்கின் இலக்கமும் அறிக்கையின் இலக்கமும் ஒன்றா என்று வாங்கும் இடத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்லைட்டுகளைக் கடதாசியில் சுற்றிப் பையில் போட்டால் உடையும், அதற்குரிய பெட்டியைக் கேளுங்கள்.

பிளொக்கின் பரபின் 56 பாகை செல்சியசை அண்டி உருகும். மதிய வெயிலில் பூட்டிய வாகனத்தின் முன்கண்ணாடிக்குக் கீழே அதை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகவேண்டாம். குளிர்ப்பெட்டி தேவையில்லை. கைப்பையில், நிழலில், உங்களோடு வைத்திருந்தால் போதும்.